குடலில் புழு இல்லாத மீன்

மீனைக் கீறியதும் குடலில் புழு நெளிந்தால் யாருக்கும் முகம் சுளிக்கும். அந்த மீன் பிடிபட்ட கடலே கெட்டுவிட்டது என்று பலரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். மீன்களின் ஒட்டுண்ணிகளைத் தேடி எண்ணுவதையே வேலையாகக் கொண்ட எனக்குக் கவலை வருவது வேறு இடத்தில். நன்றாகத் தின்று வளர்ந்த ஒரு கடல்மீனின் வயிற்றைத் திறக்கிறேன். இரைப்பை முதல் மலவாய் வரை துழாவியும் ஒரு புழுகூட அகப்படவில்லை. அதே இடத்தில் பிடிபட்ட அதே இன மீன்கள் அடுத்தடுத்து அப்படியே இருக்கின்றன. அப்போதுதான் இந்த நீருக்கு என்ன ஆயிற்று என்ற கேள்வி என்னைப் பிடித்துக்கொள்கிறது.

காரணம் புழுக்களின் வாழ்க்கையில் இருக்கிறது. மீனின் குடலில் வாழும் தட்டைப்புழு ஒன்றை எடுத்துக்கொள்வோம். அது இடும் முட்டை மீனின் கழிவோடு நீரில் கலக்கிறது. முட்டையிலிருந்து வரும் இளம் உயிர் ஒரு நத்தைக்குள் புகுந்தாக வேண்டும்; ஏதோ ஒரு நத்தை போதாது, பெரும்பாலும் அதற்கென்று அமைந்த இனமாகவே இருக்க வேண்டும். நத்தைக்குள் பல்கிப் பெருகியபின், செர்கேரியா எனப்படும் வாலுள்ள குட்டிப் புழுக்களாக அது வெளியேறுகிறது. அவை ஒரு சிப்பிக்குள்ளோ, இறால் நண்டு வகையைச் சேர்ந்த சிற்றுயிருக்குள்ளோ, குட்டி மீனுக்குள்ளோ நுழைந்து, தம்மைச் சுற்றி உறை அமைத்துக்கொண்டு காத்திருக்கின்றன. அந்தச் சிற்றுயிரைப் பெரிய மீன் விழுங்கினால்தான் புழு வளர்ந்து முட்டையிடும். இல்லையென்றால் கதை அங்கேயே முடிந்தது.

பல கை மாறி வந்த கடிதத்தின்மேல் வழியிலுள்ள ஒவ்வொரு அஞ்சலகத்தின் முத்திரையும் விழுந்திருப்பதுபோல, இந்தப் புழு வந்து சேர்ந்த வழி முழுவதும் அதில் பதிவாகியிருக்கிறது. நத்தை உயிரோடு இருந்தது, சிற்றுயிர் உயிரோடு இருந்தது, ஒன்றை ஒன்று தின்னும் உணவுச் சங்கிலி அறுபடாமல் இருந்தது என்பதற்கெல்லாம் அந்த ஒரு புழுவே சான்று. நத்தைகளை அழிக்கும் நஞ்சு ஒன்று கடலில் கலந்தால் மீனுக்கு வெளிப்படையாக எதுவும் நேராமல் போகலாம். ஆனால் அதன் குடலுக்கு வரவேண்டிய புழு வராது. கப்பல்களின் அடிப்பகுதியில் பாசியும் கொட்டலசும் ஒட்டாமலிருக்கப் பூசப்பட்ட டிரைபியூட்டைல்டின் என்ற வெள்ளீயச் சேர்மம், பெண் நத்தைகளில் ஆணுறுப்பை வளரச் செய்து, பல கரைகளில் நத்தை இனங்களையே இனப்பெருக்கம் செய்ய முடியாத நிலைக்குத் தள்ளியது. அதைத் தடை செய்யும் சர்வதேச உடன்படிக்கை 2001-இல் நிறைவேறி 2008-இல் நடைமுறைக்கு வந்தது. நத்தை போன கரையில் நத்தையை நம்பி வாழ்ந்த தட்டைப்புழுவும் போகும்.

செர்கேரியாவின் நிலை இன்னும் பரிதாபம். நத்தையை விட்டு வெளியே வந்தபின் அது எதையும் தின்பதில்லை. உடலில் சேர்த்துவைத்த கிளைகோஜனை எரித்து, ஒரு நாளோ இரண்டு நாளோ நீந்தி, அதற்குள் அடுத்த உயிரைக் கண்டுபிடிக்க வேண்டும். மெல்லிய தோலோடு திறந்த நீரில் நீந்தும் அதற்குத் தாமிரமும் துத்தநாகமும் காட்மியமும் எளிதில் கேடு செய்கின்றன. மீனைக் கொல்ல நெடுங்காலம் எடுக்கும் மாசு, ஒரு நாள் வாழ்வைச் சில மணி நேரமாகச் சுருக்கிவிட்டாலே போதும், புழுவின் வழி அடைபட்டுவிடும். மீன்கள் செத்து மிதக்கும்வரை காத்திருக்காமல் முன்கூட்டியே எச்சரிக்கும் ஏற்பாடாக ஒட்டுண்ணிகளைப் பயன்படுத்தலாம் என்று ஒட்டுண்ணி ஆய்வாளர் கென் மெக்கன்சி 1999-இல் முன்மொழிந்தது இதுபோன்ற உணர்திறனை நம்பித்தான்.

இருக்கிறதா இல்லையா என்று எண்ணுவது ஒரு வழி. புழுவின் உடலுக்குள்ளேயே மாசை அளப்பது இன்னொரு வழி. எனக்கு மிகவும் பிடித்த ஒட்டுண்ணியான முள்தலைப் புழு அங்கேதான் வருகிறது.

முள்தலைப் புழுவை நேரில் பார்க்காதவர்களுக்காகச் சற்று நிதானமாகச் சொல்கிறேன். மீனின் குடலைத் தனியே எடுத்து, உப்புக் கரைசல் ஊற்றிய தட்டில் இட்டு, நுனி மழுங்கிய கத்தரியால் நீளவாக்கில் திறக்க வேண்டும். சளியும் பாதி செரித்த இரையும் கரைந்து விலகியதும், குடற்சுவரில் வெண்மையாகவோ வெளிர் ஆரஞ்சு நிறத்திலோ சிறு உருளைகள் தொங்குவது தெரியும். இடுக்கியால் இழுத்தால் வராது. குடற்சுவரும் சேர்ந்து கூடாரம்போல எழும்பும். தலைப்பகுதியில் வரிசை வரிசையாகப் பின்னோக்கி வளைந்த கொக்கிகள் சுவருக்குள் மாட்டியிருக்கின்றன. ஊசி முனையால் சுற்றியுள்ள திசுவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்துத்தான் அதை விடுவிக்க வேண்டும். விடுபட்ட புழு பெரும்பாலும் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். குளிர்ந்த நல்ல நீரில் போட்டு வைத்தால் உடல் நீரை உறிஞ்சிப் பருத்து, கையுறையின் விரல் உள்ளிருந்து வெளியே பிதுங்குவதைப் பார்ப்பதுபோல் கொக்கித் தலை மெல்ல வெளிவரும். நுண்ணோக்கியில் அந்தக் கொக்கிகளை வரிசைவாரியாக எண்ணித்தான் இனத்தை அடையாளம் காண்கிறோம்.

இந்தப் புழுவுக்கு வாய் கிடையாது, குடல் கிடையாது. உணவு முழுவதையும் தோல் வழியாகவே உறிஞ்சிக்கொள்கிறது. 1990-களில் ஜெர்மனியில் பெர்ன்ட் சுரெஸ், ஹார்ஸ்ட் டராஷெவ்ஸ்கி முதலிய ஆய்வாளர்கள் ரூர் ஆற்றில் பிடித்த சப் என்ற மீன்களின் குடலிலிருந்து போம்ஃபோரிங்கஸ் லேவிஸ் என்ற முள்தலைப் புழுக்களை எடுத்து, அவற்றிலுள்ள ஈயத்தை அளந்தார்கள். மீனின் தசையில் இருந்ததைப்போல ஏறத்தாழ 2,700 மடங்கு ஈயம் புழுவில் இருந்தது. சுற்றியிருந்த நீரோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 11,000 மடங்கு. இந்த எண்களை முதன்முதலாகப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வியப்பு இன்றும் குறையவில்லை. சில மில்லிகிராம் எடையுள்ள, எலும்பில்லாத, வாயில்லாத ஓர் உயிர், ஆற்று நீரில் கரைந்து கண்ணுக்குத் தெரியாமல் போன ஈயத்தையெல்லாம் திரட்டி வைத்திருக்கிறது.

எப்படி என்பதற்கும் விடை கிடைத்திருக்கிறது. நீரிலுள்ள ஈயம் செவுள் வழியாக மீனின் குருதிக்குள் நுழைந்து கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதைப் பித்தநீரில் சேர்த்துக் குடலுக்கு அனுப்புகிறது. வழக்கமாக அதில் ஒரு பகுதியைக் குடற்சுவர் மீண்டும் உறிஞ்சி, கல்லீரலுக்கே திருப்பி அனுப்பும். ஆனால் குடலில் முள்தலைப் புழு இருந்தால் அது முந்திக்கொள்கிறது. தனக்கு வேண்டிய கொழுப்புப் பொருள்களைத் தானே உண்டாக்க முடியாத அந்தப் புழு, பித்த உப்புகளை ஆவலோடு உறிஞ்சுகிறது. அவற்றோடு பிணைந்த ஈயமும் உள்ளே போகிறது. சுரெஸும் சிடாலும் 1999-இல் வெளியிட்ட ஆய்வில், புழுவுள்ள மீன்களின் குடற்சுவரில் புழுவில்லாத மீன்களைவிட ஈயம் குறைவாகச் சேர்ந்ததைக் காட்டினார்கள். இதைக் கேட்டதும் புழு மீனுக்கு நன்மைதான் செய்கிறது என்று சொல்லிவிட மனம் துடிக்கும். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். கொக்கித் தலை குடற்சுவரைத் துளைத்து உண்டாக்கும் புண்ணை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் உலோகத்தை அளக்க வந்தவர் மீனின் தசையை மட்டும் சோதித்துவிட்டுப் போனால், அந்த மீனுக்குள் வந்துபோன ஈயத்தின் பெரும்பங்கை அவர் பார்க்கவே இல்லை என்பது உறுதி.

ரூர் ஓர் ஆறுதானே, கடலில் இது பொருந்துமா என்று கேட்கலாம். அன்டார்டிகாவின் கிங் ஜார்ஜ் தீவருகே நோட்டோதீனியா கோரிசெப்ஸ் என்ற மீனின் குடலிலுள்ள முள்தலைப் புழுக்களைச் சுரெஸும் ரைமானும் ஆராய்ந்து 2003-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ஆலைகளோ நகரங்களோ இல்லாத அந்தக் கடலிலும் மீனின் திசுக்களைவிடப் புழுக்களில் ஈயம், காட்மியம் உள்ளிட்ட உலோகங்கள் செறிந்திருந்தன. நாடாப்புழுக்களும் இப்படிச் சேர்த்துவைக்கின்றன. பாரசீக வளைகுடாவின் சுறாக்களில் நடந்த ஆய்வில், சுறாவின் உடலில் இருந்ததைப்போலப் பல நூறு மடங்கு உலோகம் அவற்றின் நாடாப்புழுக்களில் இருந்தது. உருளைப்புழுக்கள் பொதுவாக இந்த அளவுக்குச் சேர்ப்பதில்லை. வாகனப் புகைக்குழாயின் வினையூக்கி மாற்றிகளிலிருந்து உதிரும் பிளாட்டினமும் ரோடியமும்கூட விலாங்குகளின் முள்தலைப் புழுக்களில் சேர்வது சோதனைகளில் தெரிந்திருக்கிறது.

நீரையே நேராக அளந்தால் போதாதா? திறந்த கடல்நீரில் ஈயம் மிக மிகக் குறைவு. மாதிரி எடுக்கும் கலன், கப்பலின் வண்ணப்பூச்சு, ஆய்வகத்தின் தூசி ஆகியவற்றில் இருக்கும் ஈயமே அதை மூழ்கடித்துவிடும். பூமியின் வயதைக் கணித்த கிளேர் பாட்டர்சன்தான், அதுவரை பலர் வெளியிட்டிருந்த கடல் ஈய அளவுகள் இப்படி மாசடைந்த மாதிரிகளிலிருந்து வந்தவை என்று காட்டியவர். ஈயத்தை நுட்பமாக அளப்பதற்கான தூசி புகாத ஆய்வகங்களுக்கு அவர் ஒரு முன்னோடி. தவிர, நீர் மாதிரி அந்த ஒரு நொடியை மட்டுமே காட்டும். உயிரினங்களை அளவியாகக் கொள்வது இந்தச் சிக்கலுக்கு ஒரு விடை. எட்வர்டு கோல்ட்பர்க் 1975-இல் முன்வைத்த சிப்பிக் கண்காணிப்புத் திட்டம் அப்படிப் பிறந்ததே. சிப்பிகள் நல்ல அளவிகள்தாம், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஆஸ்திரியாவின் மோண்ட்சே ஏரியில் வரிச்சிப்பியையும் பெர்ச் மீனின் முள்தலைப் புழுவையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, பல உலோகங்களைப் புழுவே கூடுதலாகச் சேர்த்திருந்தது. அதோடு, புழுவுக்குள் இருப்பது மீனின் உடலுக்குள் உண்மையில் நுழைந்த மாசு. நீரில் இருந்தும் உயிருக்குள் புக முடியாத வடிவில் கிடக்கும் உலோகம் அதில் கணக்காகாது. எனக்கு அந்த வேறுபாடு பெரிதாகப் படுகிறது.

இனி செவுளுக்கு வருவோம். அங்கே கதை தலைகீழாகிறது.

செவுள் இழை ஒன்றை வெட்டிக் கண்ணாடித் துண்டில் ஒரு துளி நீரோடு வைத்துப் பார்த்தால், சில மீன்களில் வட்டத் தட்டுகள்போலச் சுழன்றுகொண்டே நகரும் ஒற்றைச்செல் உயிர்கள் தெரியும். அவைதான் டிரைக்கோடினா. அடிப்புறத்தில் பற்சக்கரம் போன்ற ஒரு வளையம், ஓரத்தில் அடித்துக்கொண்டே இருக்கும் குறுஇழைகள். அவற்றின் முக்கிய உணவு பாக்டீரியா. கழிவுநீர் கலந்து பாக்டீரியா பெருகிய நீரில் அவற்றுக்குத் தீனி மிகுதி. மாசினால் எரிச்சலுற்ற செவுள் சளியை மிகுதியாகச் சுரக்கிறது. மீனின் நோய் எதிர்ப்புத் திறனும் தளர்கிறது. மூன்றும் சேர்ந்தால் ஓரிரண்டாக இருந்தவை திரளாகின்றன. செவுளில் ஒட்டி வாழும் மோனோஜீனியா தட்டைப்புழுக்களும் இப்படித்தான். இவற்றுக்கு நத்தையும் வேண்டாம், இடையில் வேறெந்த உயிரும் வேண்டாம். ஒரு மீனிலிருந்து நேராக இன்னொரு மீனுக்குப் போய்விடும். சங்கிலி அறுந்தாலும் இவற்றுக்கு இழப்பில்லை.

கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கான் என்ற ஆய்வாளர் 1980-களில் செய்த சோதனைகளில் இந்த இரண்டு போக்குகளும் காணக் கிடைத்தன. கச்சா எண்ணெய் கலந்த நீரில் வைக்கப்பட்ட மீன்களின் குடற்புழுக்கள் குறைந்தன. செவுளில் டிரைக்கோடினா பெருகியது. உள்ளே குறைவு, வெளியே பெருக்கம். செங்கடலின் அக்காபா வளைகுடாவில் ஓரா மீன்களை ஆராய்ந்த டயமன்ட், பாப்பர்னா குழுவினர் இதையே ஓர் அளவுகோலாக்கினார்கள். பல உயிர்களைக் கடந்து வரும் ஒட்டுண்ணி இனங்களையும், நேராகத் தொற்றும் இனங்களையும் தனித்தனியே எண்ணி, விகிதத்தைப் பார்த்தார்கள். மீன் வளர்ப்புக் கூண்டுகளின் அருகே, கெட்டுப்போன இடத்தில் அந்த விகிதம் சரிந்திருந்தது. மொத்தம் எத்தனை புழு என்று மட்டும் எண்ணியிருந்தால் இந்தச் சரிவு கண்ணில் பட்டிருக்காது. ஒட்டுண்ணி கூடினால் மாசு என்றோ குறைந்தால் மாசு என்றோ ஒரே வரியில் சொல்பவர்களை நான் நம்பாததற்கு இதுவே காரணம்.

எச்சரிக்கைகள் இன்னும் உண்டு. கெவின் லாஃபர்ட்டி 1997-இல் எழுதிய கட்டுரை, ஒவ்வொரு மாசும் ஒவ்வொரு ஒட்டுண்ணி வகையை ஒவ்வொரு திசையில் தள்ளுகிறது என்பதை வரிசைப்படுத்திக் காட்டியது. ஊட்டச்சத்துகள் அளவோடு பெருகிய நீரில் நத்தைகளும் சிற்றுயிர்களும் கூடி, குடற்புழுக்களும் கூடலாம். அதே ஊட்டம் எல்லை மீறி ஆக்சிஜன் தீர்ந்துபோனால் எல்லாம் சரியும். பெரிய மீனில் பொதுவாகப் புழு அதிகம், குஞ்சில் குறைவு. பருவத்துக்குப் பருவம் எண்ணிக்கை மாறும். நெடுந்தூரம் வலசை போகும் மீன், தான் பிடிபட்ட இடத்தைப் பற்றிச் சொல்வதைவிடக் கடந்துவந்த இடங்களைப் பற்றியே அதிகம் சொல்லும். அதனால் ஓரிடத்திலேயே தங்கி வாழும் இனத்தை, ஒரே அளவில், ஒரே பருவத்தில் எடுத்து, மாசில்லாத இன்னோர் இடத்து மீன்களோடு ஒப்பிட வேண்டும். இவ்வளவும் செய்யாத ஆய்வுகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது. உழைப்பு வீணாகிறதே என்று.

அனிசாகிஸ் என்ற உருளைப்புழுவின் கதை இதற்கு நல்ல பாடம். பல பத்தாண்டுகளாக வெளிவந்த ஆய்வுகளை ஒன்றுதிரட்டி 2020-இல் வெளியான ஓர் ஆய்வு, மீன்களில் இந்தப் புழு 283 மடங்கு பெருகியிருப்பதாகச் சொன்னது. கடல் நாசமாகிவிட்டது என்று பலர் பதறினார்கள். ஆனால் இந்தப் புழு முதிர்ந்து முட்டையிடுவது திமிங்கிலங்களின் வயிற்றில். வேட்டைத் தடைக்குப்பின் பல இடங்களில் திமிங்கிலங்கள் மீண்டு வருவது இதற்கு ஒரு காரணமாக இருக்கலாம் என்று அந்த ஆய்வாளர்களே சொல்கிறார்கள். இந்தப் புழுவைப் பற்றிக் கேட்பவர்களுக்கு நான் தவறாமல் சொல்வது ஒன்று உண்டு. நன்றாகச் சமைத்தால் புழு செத்துவிடும். ஈயமும் பாதரசமும் எவ்வளவு சமைத்தாலும் போகாது. கண்ணுக்குத் தெரியும் புழுவுக்கு அஞ்சுகிற நாம், தெரியாத உலோகத்துக்கு அந்த அளவு அஞ்சுவதில்லை.

2023-இல் செல்சி வுட்டும் அவரது குழுவினரும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையையே கொஞ்சம் அசைத்துவிட்டது. அமெரிக்காவின் பியூஜெட் சவுண்ட் கடற்பகுதியில் 1880 முதல் 2019 வரை பிடித்து, அருங்காட்சியக ஜாடிகளில் பதப்படுத்தி வைத்திருந்த 8 இனங்களைச் சேர்ந்த 699 மீன்களை அவர்கள் திறந்து பார்த்தார்கள். 17,000-க்கும் மேற்பட்ட ஒட்டுண்ணிகள் கிடைத்தன. மூன்றோ அதற்கு மேலோ உயிர்களைக் கடந்து வாழும் ஒட்டுண்ணிகள் பத்தாண்டுக்கு 10.9 சதவீதம் வீதம் குறைந்துகொண்டே வந்திருந்தன. மாசு, ஒட்டுண்ணிகளுக்கு இடம் தரும் மீன்களின் எண்ணிக்கை, கடலின் வெப்பம் ஆகிய மூன்றையும் காரணங்களாக வைத்துச் சோதித்தார்கள். சரிவோடு வலுவாகப் பொருந்தியது வெப்பம். கடல் மேற்பரப்பு ஒரு டிகிரி செல்சியஸ் சூடேறினால் இந்த ஒட்டுண்ணிகள் 38 சதவீதம் குறைந்தன.

மாசுக்குச் சான்றாக ஒட்டுண்ணிகளைக் கொண்டுவருகிறவர்களுக்கு இது கசப்பான செய்தி என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அப்படிப் படவில்லை. புழு இல்லாத குடல், சங்கிலி எங்கோ அறுந்திருக்கிறது என்று சரியாகவே சொல்லியிருக்கிறது. அறுத்தது ஈயமா, எண்ணெயா, வெப்பமா என்று தேடிக் கண்டுபிடிப்பது நம் வேலை. இனிமேல் மாசடைந்த இடத்தையும் மாசில்லாத இடத்தையும் ஒப்பிடும்போது இரண்டின் வெப்ப வரலாற்றையும் சேர்த்தே பார்த்தாக வேண்டும்.

அறுந்த சங்கிலி மீண்டும் சேர்வதையும் புழுக்கள் காட்டுகின்றன. கலிஃபோர்னியாவின் கார்பின்டீரியா உப்புச் சதுப்பில் கெட்டுப்போன பகுதிகளைச் சீரமைத்தபின், அங்குள்ள நத்தைகளில் தட்டைப்புழுத் தொற்று ஆண்டுக்கு ஆண்டு கூடி, கெடாத பகுதிகளின் அளவை எட்டியதை ஹஸ்பெனியும் லாஃபர்ட்டியும் 2004-இல் பதிவு செய்தார்கள். அந்தப் புழுக்களில் பல, பறவையின் குடலில் முதிர்ந்து, அதன் எச்சத்தின் வழியே நத்தைக்கு வந்து, பிறகு நண்டிலோ மீனிலோ காத்திருப்பவை. பறவைகள் திரும்பின; புழுக்களும் திரும்பின. அதே கடற்கரையின் கழிமுகங்களில் 2008-இல் வெளியான இன்னோர் ஆய்வு, ஒட்டுண்ணிகளின் மொத்த உயிரெடை உச்சி வேட்டையாடிகளான பறவைகளின் உயிரெடையை விஞ்சுகிறது என்று காட்டியது. இவ்வளவு பெரிய உயிர்த்திரளைக் கணக்கில் எடுக்காமல் ஒரு கடலின் நலத்தை எழுதிவிடுகிறோம்.

எனக்கு ஓர் ஆதங்கம் உண்டு. மீன்வள ஆய்வுகளில் நீளம், எடை, பால், வயது எல்லாம் அளக்கிறார்கள். உலோகச் சோதனைக்குத் தசையில் ஒரு துண்டும் கல்லீரலில் ஒரு துண்டும் வெட்டி எடுக்கிறார்கள். குடலும் செவுளும் வாளிக்குப் போகின்றன. அந்த வாளியில் போவதைத் தனியே குளிரில் உறையவைத்து, ஒவ்வொரு மீனின் எண்ணோடும் சேர்த்து வைத்தாலே போதும். எண்ணுவதற்கு ஆள் பிறகு கிடைப்பார். உலோகத்தை அளக்க வேண்டுமென்றால் முள்தலைப் புழுக்களையும் நாடாப்புழுக்களையும் உலோகம் படாத இடுக்கியால் எடுத்துத் தனிக் குப்பியில் வைக்க வேண்டும்.

பழைய ஜாடிகளையும் கேட்கிறேன். கல்லூரி விலங்கியல் துறைகளிலும் அருங்காட்சியகங்களிலும் ஃபார்மலினிலும் சாராயத்திலும் மூழ்கிய மீன்கள் இடத்தை அடைக்கின்றன என்று அப்புறப்படுத்தப்படுவதைக் கேள்விப்படும்போதெல்லாம் மனம் பதறுகிறது. அத்தனை காலம் திரவத்தில் கிடந்த திசுவில் உலோகத்தை அளந்து நம்புவது கடினம். ஆனால் புழுக்கள் அங்கேயே, கொக்கி மாட்டிய இடத்திலேயே இருக்கின்றன. வயிற்றில் ஒரு சிறு கீறல் போட்டு, குடலைப் பார்த்துவிட்டு, மீண்டும் அதே ஜாடியில் வைத்துவிடலாம், மீன் உருக்குலையாது. பிடித்த இடமும் ஆண்டும் எழுதிய சீட்டு மட்டும் அழியாமல் இருக்க வேண்டும். அப்படி ஜாடிகள் வைத்திருப்பவர்கள், முதலில் அந்தச் சீட்டுகளைப் புகைப்படம் எடுத்து வைத்துவிடுங்கள்.